குறட்டை நின்ற நேரம்

அலாரத்தம்மா உதட்டில் விரலை வைத்து, "உஷ்!" என்றாள்.

தண்ணீர்க் குழாயைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்த தோட்டக்காரர் அப்படியே நின்றுவிட்டார். அவள் பக்கத்து பெஞ்சைக் காட்டினாள். மர நிழலில் அவளுடைய கணவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். தலைக்கு அவளுடைய கைப்பை. வயிற்றின் மேல் கோத்துக்கொண்ட கைகள். கழற்றிய செருப்புகள் பெஞ்சுக்கு அடியில் ஜோடியாக இருந்தன.

"ஐயா தூங்கறாரா?" தோட்டக்காரரும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இப்பதாங்க நல்லாப் பிடிச்சிருக்கு. இந்தப் பக்கம் அப்புறமா தண்ணி விடக் கூடாதா?"

"அதுக்கென்னம்மா, செடி எங்க ஓடிடப் போவுது. குளத்துக்கு அந்தாண்ட போயி முதல்ல முடிச்சிட்டு வரேன்."

போகிற வழியில் புல் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவனிடமும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அந்த இரைச்சலும் நின்றது. உலகத்தில் இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று அலாரத்தம்மாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

அப்போது மணி பதினொன்றே முக்கால். அவர் உயிர் போய்ப் பத்து நிமிஷமாவது ஆகியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அவர் தூக்கத்தால்தான். முப்பத்தோரு வருஷம் அவர் முதல் பஸ் ஓட்டினார். நாலரைக்கு டிப்போவிலிருந்து வண்டி கிளம்ப வேண்டும் என்றால் மூன்றே முக்காலுக்கு அவர் எழுந்தாக வேண்டும். அவரோ அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற பிறவி. கல்யாணமான புதிதில் வாங்கிய அலாரக் கடிகாரம் ஒன்று தலைமாட்டில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு நின்றதே ஒழிய அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். கால் கட்டை விரலைப் பிடித்து ஓர் இழுப்பு. "ம்" என்பார். இரண்டாவது இழுப்பு. எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது இழுப்புக்கு ஒரு நாளும் வேலை வந்ததில்லை. முதல் பஸ் ஒரு நாளும் தாமதித்ததில்லை. டிப்போவில் அவருக்கு முதல் வண்டிக்காரர் என்று பெயர், அவளுக்கு அலாரத்தம்மா. அவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்த டிப்போ மேனேஜர், "நியாயமா இது வீட்டம்மாவுக்குத்தான் சேரணும்" என்று மைக்கில் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

எழுப்பியது போலவே தூங்க வைத்ததும் அவள்தான். மதியம் இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் ஆறு மணி வரை வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். ரேடியோ கிடையாது, குக்கர் கிடையாது. வாசல் கதவு தரையில் உரசிக் கிறீச்சிடும். அதனால் கதவை லேசாகத் தூக்கித்தான் சாத்த வேண்டும். ஒரே மகள் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு அதையும் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இன்னொரு பாடமும் தெரியும். அப்பா குறட்டை விடுகிறவரைக்கும் தூக்கம் மேலோட்டமாகத்தான் இருக்கும், அசையக் கூடாது. குறட்டை நின்றுவிட்டால் ஆழ்ந்த தூக்கம், இனி பயமில்லை. பூனை நடை நடந்து வெளியே போய் விளையாடலாம். "அம்மா, நின்னுடுச்சு" என்று அந்தப் பெண் காதோடு வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்றதும் ஆசை தீரத் தூங்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். எழுப்ப ஆள் தேவைப்படாத காலம் வந்தபோது தூக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. மூன்றே முக்காலுக்கு உடம்பு தானாக எழுந்து உட்கார்ந்தது. பகலில் கண்ணை மூடினால் ஐந்து நிமிஷம். போன வருஷம் நெஞ்சு வலி வந்து, உள்ளே குழாய் வைத்து அனுப்பினார்கள். மகள் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருந்தாள். மாத்திரை, நடை, உப்பு எல்லாவற்றுக்கும் அவள் வைத்ததுதான் சட்டம். இந்தக் கோடைக்கு, "அப்பா வெயில்ல தலைகாட்டக் கூடாது, செக்கப் முடியறவரைக்கும் எங்கேயும் கூட்டிட்டுப் போகாதே" என்று தாயிடம் இரண்டு தரம் சொல்லியிருந்தாள்.

அப்படியிருக்கத்தான் அவர் இந்தத் தாவரத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

அவருடைய வண்டி திரும்புகிற கடைசி நிறுத்தமே அந்தத் தோட்டத்து வாசல்தான். ஏழு நிமிஷம் நிற்கும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய மரம் ஒன்றும் அதன் கீழே ஒரு பெஞ்சும் டிரைவர் இருக்கையிலிருந்தே தெரியும். அந்த பெஞ்சில் எப்போதும் எவனாவது ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பானாம். "கொடுத்து வச்சவன்" என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்புவாராம். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை.

"வாசல்லயே நின்னுட்டு வந்த ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று அவள் கேலி செய்வாள்.

"உள்ள போனா பஸ்ஸை யாரு ஓட்டறது, நீயா?"

அன்று காலை மகளுக்குப் போன் செய்து, மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர் ஓட்டிய அதே தடத்தில் பயணிகளாகப் போனார்கள். வழியெல்லாம் டிரைவர் கியர் போடுவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு முள் செடிகளைக் காட்டினார். பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இத்துனூண்டு செடிக்கு இவ்வளவு நீளப் பேரா! நம்ம ரூட் போர்டுல எழுத இடம் பத்தாது" என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் யாருக்குத்தான் வேர்க்கவில்லை? பெஞ்சுக்கு வந்தபோது, "கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார். நடந்ததில் அவளுக்கும் அசதியாகத்தான் இருந்தது.

பெஞ்ச் காலியாக இருந்தது. அவர் அதைக் கையால் தட்டிப் பார்த்தார், புது வண்டியைப் பார்க்கிற மாதிரி.

"நான் தூங்கப் போறேன். நீ எழுப்பக் கூடாது."

"எத்தனை மணிக்கு..."

"மணியே கிடையாது. நானா முழிக்கிற வரைக்கும். ஆயுசு பூரா எழுப்பிட்டே. இன்னிக்கு ஒரு நாள் எழுப்பாம இரு."

"சரி, எழுப்பலை. சத்தியம்" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள்.

படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. இரண்டு வருஷமாக இந்தக் குறட்டையைக் கேட்கத்தான் அவள் ஏங்கிப்போயிருந்தாள். அரை மணி நேரம் போல விட்டுவிட்டு ஏறி இறங்கியது. பிறகு, இரண்டு மூன்று பெரிய இழுப்பு. அதோடு நின்றது. அப்பாடா, நல்லாப் பிடித்துவிட்டது என்று அவள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் தோட்டக்காரர் குழாயோடு வந்தார்.

தோட்டக்காரர் போன பிறகு அவள் ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றாள். கணவருக்கு ஒன்றை உரித்துக் கைக்குட்டையில் வைத்தாள். முகத்தில் ஈ உட்காராமல் விசிறினாள். பந்தோடு ஓடிவந்த இரண்டு சிறுமிகளைச் சைகையாலேயே திருப்பி அனுப்பினாள். எதிரே ஏதோ ஒரு கொடியில் வெள்ளைப் பூக்கள். மகள் பிறந்த வருஷம், வீடு மாறியது, அவர் வண்டிக்கு முதல் தரம் பிரேக் போனது என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டாள். எதுவும் அவசரமில்லை. இப்படி ஒரு மதியத்தை அவள் தன் வாழ்நாளில் உட்கார்ந்து கழித்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தாள். அதைத்தான் பிறகு அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஒரு மணிக்குத் தோட்டத்தில் மணி அடித்தார்கள். மதிய இடைவேளைக்கு எல்லாரும் வெளியே போயாக வேண்டும். சத்தியம் செய்தாயிற்று, ஆனாலும் வேறு வழியில்லை. அவள் எழுந்து அவர் கால் பக்கம் போனாள். கட்டை விரலைப் பிடித்து இழுத்தாள்.

"ம்" வரவில்லை.

இரண்டாவது தரம் இழுத்தாள். மூன்றாவது தரம். விரல் இவ்வளவு வெயிலிலும் சில்லென்று இருப்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் போன ஒரு புதுமணத் தம்பதி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வண்டிகள் வரும் பெரிய கேட் பூட்டியிருந்தது. சாவி தோட்டக்காரரிடம் இருந்தது. தோட்டக்காரர் குளத்துக்கு அந்தாண்டை இருந்தார். அவர் குறுக்கே ஓடிவந்து பூட்டைத் திறப்பதற்குள் எட்டு நிமிஷம் ஆகிவிட்டது. மூச்சு வாங்க நின்றவர் பெஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்க ஒரு கை கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்பம்மா பேசினாரு?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஒரு மணி வரைக்கும் பேசிட்டுத்தாங்க இருந்தாரு."

டாக்டர் அவர் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தாள். அது அதற்குள் விறைக்கத் தொடங்கியிருந்தது. பிறகு அலாரத்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எதையோ எழுதினாள்.

ஒரு தரம் சொன்ன பொய் பிறகு தானாகவே நடந்தது. மகளும் மருமகனும் வந்தபோது அதே ஒரு மணி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோதும் அதே ஒரு மணி. "பேசிட்டிருந்த மனுஷன் பொசுக்குனு போயிட்டாரே!" என்று அவர்கள் மாய்ந்துபோனார்கள். அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனதைப் பற்றி மகள் தாயை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரனைத்தான் குடைந்து குடைந்து கேட்டாள். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதினாள்.

மறுநாள் காலை அவரைக் கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டிப்போவிலிருந்து பழைய ஆட்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை நிறைத்திருந்தார்கள். அவரோடு இருபது வருஷம் கண்டக்டராக ஓடிய விசில் சித்தப்பா சட்டைப் பையில் தன் பழைய விசிலைக் கொண்டுவந்திருந்தார். "வண்டி எடுக்கும்போது அண்ணனுக்கு ரெண்டு விசில் குடுக்கறேன் அண்ணி. டபுள் விசில். அவருக்கு அதாம் மரியாதை" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார்.

அவர் எழுந்த நாற்காலிக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அலாரத்தம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். நேரம் தெரிந்த ஒரே ஆள்.

"ஐயாவோட செருப்பு. பெஞ்சுக்கு அடியிலயே இருந்துச்சு. ஆபீஸ்ல விலாசம் குறிச்சு வச்சிருந்தாங்க" என்று மருமகனிடம் பொட்டலத்தை நீட்டினார். மகள் அதற்குள் வந்துவிட்டாள்.

"நீங்க தோட்டத்துலயா வேலை செய்யறீங்க?"

"ஆமாம்மா."

"அந்த கேட் சாவி யார் கையில இருந்துது?"

"எங்கிட்டதாம்மா."

"எட்டு நிமிஷம்! எட்டு நிமிஷம் வண்டி வெளியில நின்னிருக்கு. ஒரு மணிக்கு எங்கப்பா பேசிட்டிருந்தாரு, தெரியுமா உங்களுக்கு? எட்டு நிமிஷத்துல என்னெல்லாம் செஞ்சிருக்கலாம் தெரியுமா? நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யறவ, எனக்குத் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "சாவியை வச்சுக்கிட்டு எங்க போயிருந்தீங்க?"

"குளத்துக்கு அந்தாண்ட தண்ணி விட்டுட்டு இருந்தேன்மா."

"உங்களை நான் சும்மா விடப் போறதில்லை. எழுதி வச்சிருக்கேன். இன்னிக்கே அனுப்பப் போறேன்."

தோட்டக்காரர் ஒரே ஒரு தரம் கட்டில் பக்கம் திரும்பி அலாரத்தம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். அந்தாண்டை அனுப்பியதே உங்கம்மாதான் என்றால் போதும். அவர் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்புதாம்மா" என்றார்.

அலாரத்தம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதே."

"நீ சும்மா இரும்மா."

"சொல்லாதேங்கறேன்ல! அவரை அந்தாண்ட போகச் சொன்னதே நான்தான். அப்பா தூங்கறாரு, சத்தம் பண்ணாதீங்கன்னு நான்தான் சொன்னேன். பதினொன்னே முக்காலுக்கு."

நாற்காலிகளில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு மணிக்கு அப்பா பேசலை. அவர் பேசினதெல்லாம் பதினோரு மணிக்கு முன்னாடி. எழுப்பாதேன்னு சொன்னாரு, நான் எழுப்பலை. ஒண்ணேகால் மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து..." கட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "விசிறிக்கிட்டு இருந்தேன்டி. ஆரஞ்சு உரிச்சுத் தின்னேன்."

மகள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமா, அருவருப்பா, என்னவென்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்து அலாரத்தம்மா பயந்தது அதுதான் முதல் தடவை. மருமகன் ஏதோ சொல்ல வந்தான். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"குறட்டை விட்டாரா?" என்று கேட்டாள்.

"விட்டாரு."

"எப்பம்மா நின்னுது?"

"இவர் வர்றதுக்குச் சித்த முன்னாடி." அலாரத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நின்னதும்... அப்பாடான்னு நினைச்சேன்."

சுவரில் டிப்போ கொடுத்த கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் கட்டிலில் இருந்த தகப்பனைப் பார்த்தாள், அந்தக் கோத்த கைகளைப் பார்த்தாள். பிறகு தோட்டக்காரரிடமிருந்து பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். செருப்புகளில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்தாள்.

"உட்காருங்க" என்று ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். தூக்கித்தான் நகர்த்தினாள்.

மேஜை மேல் இருந்த இரண்டு பக்கக் காகிதத்தை அவள் எப்போது எடுத்தாள் என்று அலாரத்தம்மா கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மேஜை வெறுமனே இருந்தது.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. டிப்போ ஆட்கள்தான் தூக்கினார்கள். தோட்டக்காரரும் ஒரு மூலையில் கை கொடுத்தார். தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். விசில் சித்தப்பா வண்டிக்குப் பின்னால் போய் விறைப்பாக நின்று விசிலை எடுத்து வாயில் வைத்தார். கன்னம் உப்பிற்று.

"சித்தப்பா" என்றாள் மகள்.

அவர் திரும்பினார். மகள் உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

விசில் சித்தப்பாவுக்கு முதலில் புரியவில்லை. இருபது வருஷம் அந்த வீட்டுக்கு மதிய வேளையில் வந்து, வாசலிலேயே நின்று சைகையில் பேசிவிட்டுப் போன மனுஷன். மெல்ல விசிலை வாயிலிருந்து எடுத்தார். சட்டை நுனியால் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வண்டிக்காரன் பின்கதவை அறைந்து சாத்தக் கையை ஓங்கினான். மகள் நடுவே தன் கையைக் கொடுத்தாள்.

"இருங்க. நான் சாத்தறேன்."

இரண்டு கையாலும் கதவைப் பிடித்து லேசாக மேலே தூக்கி, மெதுவாகச் சாத்தினாள். சத்தமே வரவில்லை.